தலைப்பாகையின் கீழ்: தொடக்கநிலை உருவப்பட ஓவியத்தில் நெற்றி இழப்பும் மீட்பும்

தொடக்கநிலை ஓவியர் என்பார் யார் எனின், ஒரு ஸ்கெட்ச் புத்தகமும் எச்பி முதல் 8பி வரையிலான பென்சில்களும் வாங்கி, வாங்கியதையே பாதி வரைந்ததாகக் கொள்பவர் என்க. இவர் துணிந்து வரையும் முதல் முகம் பெரும்பாலும் பாரதியாருடையது. பள்ளி ஓவியப் போட்டி, நூலகச் சுவர், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் ஆகிய களங்களில் இதற்குச் சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. தமிழ்ப்பற்றே இதற்குக் காரணம் என்பர் ஒரு சாரார். அக்கூற்று ஏற்புடையதன்று. காரணம் தலைப்பாகை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அதை நிறுவ நெற்றியிலிருந்து தொடங்க வேண்டும். மனிதத் தலையில், உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருப்பவை கண்கள். ஐயமுள்ளோர் கண்ணாடி முன் ஸ்கேலுடன் நின்று பார்க்கலாம். தொடக்கநிலை ஓவியர் அளந்து பார்த்த பிறகும் இதை நம்புவதில்லை. கண், மூக்கு, வாய் ஆகிய முக்கியஸ்தர்களுக்கு இடம் ஒதுக்கியது போக மிஞ்சுவதே நெற்றி என்பது அவர் கொள்கை. எனவே கண்கள் மேலேறுகின்றன. நெற்றி இரண்டு விரற்கடையாகச் சுருங்குகிறது. வரையப்பட்டவர் எவ்வளவு பெரிய அறிஞராயினும் மூளை வைக்க இடமில்லாமல் போகிறது.

முன்னோர் இதை அறியாதவர் அல்லர். மயிர் தொடங்கும் இடம் முதல் புருவம், புருவம் முதல் மூக்கடி, மூக்கடி முதல் மோவாய் ஆகிய மூன்றும் சமம் என்றார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். நம் சிற்ப நூல்களும் முகத்தைத் தாலம் என்னும் அளவாகக் கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாக்கி, நெற்றிக்கு நான்கு, மூக்குக்கு நான்கு, அதன்கீழ் நான்கு எனப் பங்கிட்டன. நம் ஓவியர் நெற்றிக்கு ஒன்று கொடுத்து மீதி மூன்றை மூக்குக்குச் சேர்க்கிறார். பாகப்பிரிவினையில் நெற்றிக்காகப் பேச ஆளில்லை.

இங்கேதான் பாகை வருகிறது. அது புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கிவிடுவதால், உள்ளே நெற்றி இருக்கிறதா இல்லையா என்பது காண்போர் நம்பிக்கையைப் பொறுத்ததாகிறது. மேலும், துணிக்குச் சாத்திர அளவு ஏதுமில்லை. தலை குட்டையாகத் தெரிந்தால் இன்னொரு சுற்றுக் கட்டிவிடலாம். காதின் மேற்பாதியும் உள்ளே போய்விடுகிறது. காதை வரைந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்து, இரட்டைக் கண் சிக்கல். ஓவியர் முதலில் ஒரு கண்ணை வரைகிறார். இமைமயிர் ஒவ்வொன்றாக, பாவையில் ஒளிப்புள்ளி விட்டு, மாலை முழுதும் செலவழித்து வரைகிறார். அது உண்மையிலேயே நன்றாக வந்துவிடுகிறது. துயரம் அதன்பின் தொடங்குகிறது, இன்னொன்று வேண்டும். இரண்டாவது கண் சற்று உயர்ந்தோ, மூக்கை விட்டு விலகியோ, வேறொரு மனநிலையிலோ அமைகிறது. அழித்து அழித்து அவ்விடத்தில் தாள் மயிர் விட்டு எழும்பியபின், ஒற்றைக் கண்ணைச் சுற்றியே முகம் கட்டப்படுகிறது. இதற்கு மருந்து கறுப்புக் கண்ணாடி. இவ்விஷயத்தில் இரு கழகங்களும் தொடக்கநிலை ஓவியருக்கு வேற்றுமையின்றி உதவியிருக்கின்றன. எம்.ஜி.ஆர். கண்ணாடியோடு தொப்பியும் சேர்த்து அருளியதால் கண், நெற்றி ஆகிய இரண்டு இடர்களும் ஒருங்கே நீங்கின. மோவாய்ச் சிக்கலுக்குப் பெரியாரின் தாடி. வள்ளுவருக்குத் தாடியோடு கூடுதல் வசதி ஒன்று: அவரை நேரில் பார்த்தவர் எவருமில்லை.

இவ்வாறு நோக்க, காந்தியே யாவரினும் கடினமானவர் என்பது பெறப்படும். எளிமையே உருவானவர் என்று எண்ணி இறங்குவோர் பலர்; ஆனால் அவர் மண்டை முழுதும் வெட்டவெளி. ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969 பிறந்த நூற்றாண்டையொட்டிக் காந்தியைக் கோடுகளாலேயே வரைந்து குவித்தார். அவற்றைப் பார்த்து ‘நாலு கோடுதானே’ என்று பென்சில் எடுத்தவர்கள் நாலாவது கோட்டில் நின்றுவிடுகிறார்கள்.

மறைக்க ஏதுமில்லாத இத்தகைய முகங்களுக்கு வழி, கட்டம் போட்டு வரைவது. அதை இழிவாகக் கருதுவோர் உண்டு. சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் உள்ளங்கைப் புகைப்படத்தை மாடி உயரத்துக்குக் கொண்டுபோனதோ கட்டத்தின் துணையால்தான். கட்டத்துக்கு எது நெற்றி, எது கன்னம் என்று தெரியாது. ஆகவே ஓரவஞ்சனையும் தெரியாது. பெட்டி எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியை 1979இல் வெளிவந்த தம் நூலில், பிக்காஸோ வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் சொன்னதும் இதே தந்திரம். முகம் என்று தெரியாதபோது கை நேர்மையாக நடந்துகொள்கிறது. தமிழ் வீடுகளில் இம்முறை பரவாமைக்குக் காரணம் உண்டு. பெரியவர் படத்தைத் தலைகீழாக வைத்தால் பாட்டி சும்மா இருக்கமாட்டாள்.

இனி ஜாடை. தொடக்கநிலை ஓவியத்தில் ஜாடை வருவதில்லை என்பது தவறு, வருகிறது, வேறொருவருக்கு. மாமாவை வரைந்தால் மாமாவின் பங்காளி வருகிறார். பல வேளைகளில் வரைந்தவரே வந்துவிடுகிறார். ஓவியன் தன் சாயலையே எல்லா முகத்திலும் ஏற்றிவிடும் குற்றத்தை லியனார்டோ டா வின்சியே தம் குறிப்புகளில் எச்சரித்திருக்கிறார். “நல்லா இருக்கே, யாரு இது?” என்னும் வினாவுக்குப் படத்தின் அடியில் பெயர் எழுதுவதே மரபான விடை. அப்பெயர் எத்துணைத் தடித்த எழுத்தில் உள்ளதோ அத்துணை ஐயம் ஓவியருக்கு இருந்ததெனக் கொள்க.

கைகள் தனி ஆய்வுக்குரியவை. உருவப்படங்கள் மார்போடு நின்றுவிடுவதன் உட்காரணம் அவையே. கைக்கு இடம் கொடுத்தும் புகழ்பெற்ற ஒரே விதிவிலக்கு, 1893 சிகாகோ கோலத்தில் நிற்கும் விவேகானந்தர். பாகை உண்டு, கைகளையும் அவரே கட்டிக்கொண்டு விட்டார். பாரதியாருக்கு அடுத்தபடி அதிகம் வரையப்படுபவர் அவராக இருத்தல் கூடும். மடங்கிய கையில் எத்தனை விரல் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் மாணவரிடையே ஒருமித்த கருத்தில்லை. நான்கு, ஐந்து, ஆறு என மூன்று பாடங்கள் வழங்குகின்றன.