மன அமைதி: 10.40 முதல் 11.10 வரை

வா கண்ணு, உக்காரு. கயித்துக்கட்டில்ல உக்காரு, அந்தப் பிளாஸ்டிக் சேருக்கு ஒரு காலு ஆட்டம். அம்மிணி உள்ள அம்மாயிகூடப் பேசிக்கிட்டு இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு அச்சடிச்சுக் கொண்டாந்தயே, அந்தத் தாள இங்க குடு. அப்புச்சி கண்ணாடிய மாட்டிக்கிட்டு நல்லாப் பாக்கறேன்.

அடேங்கப்பா! பிப்ரவரியில மூணு நாளு லீவு, அஞ்சு மலைக்காடு. முதுமலை, முக்குருத்தி, டாப்ஸ்லிப், இரவிகுளம், பாம்பாடும் சோலை. மேல கொட்ட எழுத்துல 'ஓய்வுச் சுற்றுலா'ன்னு வேற. நல்லா இருக்குது சாமி. நம்ம வீட்டுக் காளை செக்கு சுத்துச்சே, அப்ப இந்தப் பேரு எனக்குத் தோணாமப் போச்சு. தோணியிருந்தா அதும் சந்தோசமாச் சுத்தியிருக்கும்.

மொதல் வரியப் பாரு. ராத்திரி 12 மணிக்கு பெங்களூர்ல கெளம்பறது, 4.30க்கு பந்திப்பூரத் தாண்டி முதுமலைக்குள்ள நொழையறது. ரோசனை நல்ல ரோசனைதான். ஆனா அந்த ரோட்ட 2009ல இருந்து ராத்திரி 9 மணிக்குச் சாத்துனா வெடியால 6 மணிக்குத்தான் தொறப்பாங்க. யானையும் மானும் நிம்மதியா ரோட்டத் தாண்டட்டும்னு வச்ச சட்டம். அதனால ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கு முன்னால வண்டிய நிறுத்திப்போட்டு சும்மா உக்காந்திருப்ப. அத ஒரு பேனா எடுத்துக் குறிச்சு வச்சுக்க கண்ணு. இந்தத் தாளு பூராத்துலயும் உனக்கு வாய்க்கப்போற நெசமான ஓய்வு அந்த ஒன்றரை மணி நேரந்தான்.

அங்கிருந்து மசினகுடி, கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவு. ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்துட்டயா? 2024 மே மாசத்துல இருந்து கோர்ட்டு கேக்கச் சொன்னது. எடுத்துட்டயா, சமத்து. முக்குருத்திக்கு? அது நெனச்சாப்ல நொழையற எடமில்ல, வனத்துறைகிட்ட அனுமதி வாங்கணும். சரி, அதத் தள்ளு. அடுத்த நாளு வால்பாறைக்கு ஏர்றது, அதுல 40 வளைவு. 36உம் 40உம் 76. உம்பட சின்னவன் நம்மூரு டவுன் பஸ்சுலயே உடுமலை போயிச் சேர்றதுக்குள்ள ரெண்டு தரம் வாந்தி எடுத்தவன். வளைவுக்கு ஒரு எலுமிச்சங்கா வச்சாலும் 76 வேணும். நம்ம மரத்துல அத்தன காய்க்காது, சந்தையில வாங்கிக்க.

டாப்ஸ்லிப்புக்கு ஒரு மணி நேரமா? போதும் போதும். வெள்ளைக்காரங் காலத்துல வெட்டுன தேக்கு மரத்த மலை மேல இருந்து சரிச்சு உட்ட எடம், அதனாலதான் அந்தப் பேரே வந்துது. மரமாச்சும் கீழ வந்ததும் ஒரு எடத்துல கெடந்துது. நீ சரிஞ்ச வேகத்துல அடுத்த மலைக்கு உருண்டுபோற.

இரு, இது என்ன கண்ணு? ரெண்டாம் நாளு, பச்ச மை பூசி, 'மன அமைதி: 10.40 முதல் 11.10 வரை'. பக்கத்துலயே சின்ன எழுத்துல 'போட்டோவும் இதிலேயே'. அட சாமி. 10.40க்கு உம்பட மனசுக்குத் தகவல் சொல்லிட்டயா? அது வேற வேலையா இருந்துதுன்னா? இல்ல, 11.10க்கு மேலயும் கொஞ்சம் மிஞ்சிப்போச்சுன்னு வையி, டப்பாவுல கட்டிக்கிட்டு வருவயா? உம்பட ஆபீசுல மேனேஜரு எப்பிடின்னு எனக்குத் தெரியாது. ஆனா லீவு எடுத்தும் ஆளு உன்னோடயே வண்டியில வர்றாருன்னு இந்தத் தாளப் பாத்தாலே தெரியுது.

கடைசி நாளு இரவிகுளம். அங்கதான் அப்புச்சிக்குச் சிரிப்பு தாங்கல. போற மாசம் பிப்ரவரி. வரையாடு குட்டி போடற காலம். வருசா வருசம் பிப்ரவரி, மார்ச்சுல, அங்க ஆளுக பாக்கப் போற ராஜமலைய மூடிப்போடுவாங்க. நம்ம கட்டுத்தரையில வெள்ளாடு ஈண்டாலே உங்க அம்மாயி ரெண்டு நாளைக்கு அந்நிய ஆள அந்தப் பக்கம் அண்ட உட மாட்டா. உனக்கே தெரியும், போன வருசம் செல்போன எடுத்துக்கிட்டுப் போயித் தொடப்பக்கட்டையில வாங்குனவன்தான நீ? அங்க 700, 800 வரையாடு இருக்குது. ஒரே காட்டுல அத்தன வரையாடு ஒலகத்துல வேற எங்கயும் இல்ல. அத்தனைக்கும் பிரசவம் பாக்கற வூட்டுல போயி, நாங்க பெங்களூர்ல இருந்து வர்றோம், கொஞ்சம் கதவத் தொறங்கன்னா தொறப்பாங்களா?

அது 97 சதுர கிலோமீட்டரு கண்ணு. நம்ம கணக்குல சொன்னா 24,000 ஏக்கரு, கிட்டத்தட்ட. ஒரு காலத்துல எஸ்டேட்டு தொரைமாரு வேட்டையாடறதுக்குன்னு வச்சிருந்த மலை. 1971ல கேரளா கவர்மெண்ட்டு எடுத்துது, 1978ல தேசியப் பூங்கா ஆச்சு. ஆனைமுடி அதுக்குள்ளதான் நிக்குது, 2,695 மீட்டரு, தென்னாட்டுலயே அதுக்கு மேல ஒசரம் இல்ல. தொறந்திருக்கற காலத்துலயும் உம்பட காரு மேல போகாது. அஞ்சாம் மைல்ல நிறுத்திப்போட்டு, வனத்துறை பஸ்சுல ஏறி, எறங்கி, தார் ரோட்டுல நடக்கணும். நடந்தாப் போதும், வரையாடு பத்தடி தள்ளி நின்னு மேஞ்சுக்கிட்டே நம்மள மேலயுங் கீழயும் பாக்கும், சம்பந்தி வூட்டுல பாப்பாங்களே அப்பிடி. குறிஞ்சி பாக்கணும்னு அம்மிணி கேட்டா, 2030 வரைக்கும் பொறுக்கச் சொல்லு. 2018ல பூத்துது, அந்த வருசம் பாத்து ஆகஸ்ட்டுல வெள்ளம் வந்து ரோட்டையே அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பன்னண்டு வருசம் காத்திருக்கற செடிகூட டைம்டேபிள் போடறதில்ல.

பாம்பாடும் சோலைக்கு நாலு மணி நேரம் ஒதுக்கியிருக்கற. கேரளாவுலயே சின்னத் தேசியப் பூங்கா அது, 1.32 சதுர கிலோமீட்டரு, 325 ஏக்கரு வரும். பெரிய காட்டுக்கு ஒரு மணி, சின்னக் காட்டுக்கு நாலு மணி. இன்ஜினீயரு படிப்பு படிச்சவனுக்குத்தான் இதெல்லாம் வெளங்கும்.

அப்புறம் மூணாறுப் பக்கம் 'படையப்பா'ன்னு ஒரு கொம்பன் யானை இருக்கறாரு. தோணுனா ரோட்டுல வந்து நிப்பாரு. அவரு நகர்ற வரைக்கும் லாரி, பஸ்சு எல்லாம் வரிசையா நிக்கும். அந்தத் தாளக் காட்டி, சாரு, எங்களுக்கு 3.20க்கு வேற எடம் போகணும்னு சொல்லிப் பாரு.

மொகத்த அப்பிடித் தூக்கி வச்சுக்காத. கேட்டதுனால சொல்லறேன். அஞ்சு எடத்தையும் அடிச்சுப்போடு. உடுமலையில இருந்து மூணாறு ரோட்டப் புடி. ஒன்பதாறு செக்போஸ்ட்டத் தாண்டுனா சின்னாறு. மேக்க மலை பூரா மழையில ஊறிக் கெடக்கும்போது அங்க மட்டும் வருசத்துக்கு 500 மில்லிமீட்டரு பேஞ்சாலே பெரிய விசயம். மலை மறைப்புல இருக்கற காடு, முள்ளும் கள்ளியுமா நம்மூரு மேட்டாங்காடு மாதிரியே கெடக்கும். நட்சத்திர ஆமை இருக்குது, சாம்பல் மலை அணில் இருக்குது. வண்டிய வெரட்டுனயின்னா ரெண்டும் இல்ல. பொழுது சாயறதுக்குள்ள தாண்டிப்போடு, அதுக்கு மேல ரோடு யானைக்குச் சொந்தம்.

அடுத்தது மறையூரு. ரோட்டோரத்துல சந்தன மரம், சுத்தியும் கம்பி வேலி, காவலு. அங்க கரும்பு ஆலை ஓடுதான்னு பாத்து எறங்கு. கொப்பறையில பாகு பொங்கிப் பொங்கி அடங்கி, மரத்தொட்டியில ஊத்தி ஆறுனதும், சூடு தாங்கற கை இருக்கறவங்க அள்ளி உருட்டுவாங்க. உருண்டையில அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கும். அந்த ரேகையப் பாத்துத்தான் நான் வாங்குவேன், வழவழன்னு இருந்தா வாங்க மாட்டேன். 2019ல அந்தச் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்களாமா. குடுக்காத காலத்துலயும் இனிச்சுது.

அங்கிருந்து மேல ஏறுனா காந்தளூரு. வெள்ளப்பூண்டு லோடு ஏத்தறதுக்கு நான் வயசுல எத்தன தரம் போயிருப்பேன். அங்கயே மூணு நாளும் தங்கு. பக்கத்துல மன்னவன் சோலை, ஆனைமுடி சோலை தேசியப் பூங்காவுல சேந்தது. அனுமதி இல்லாம உள்ள எறங்காத, தேவையும் இல்ல. வெடியால ரோட்டோரத்துல ஒரு கல்லப் பாத்து உக்காரு. மரத்துக்குப் பாசி பச்சக் கம்பளி போத்துன மாதிரி இருக்கும். மொத அரை மணி நேரம் ஒண்ணும் நடக்காது. கை தானா செல்போனத் தேடும். அதுக்கப்புறந்தான் ஓடைச் சத்தம் கேக்க ஆரம்பிக்கும், ஓடை என்னமோ அப்பத்தான் ஓடற மாதிரி. எங்கியோ கருமந்தி ஒண்ணு தொண்டையக் கனைக்கும். அது கனைச்சா அக்கட்டால என்னமோ வருதுன்னு அர்த்தம். எந்திரிச்சு வந்துரு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டுக்குச் சொல்லல. மாசி, பங்குனியில காடு காஞ்சு கெடக்கும். 2018 மார்ச்சுல குரங்கணித் தீயில மலையேறப் போன புள்ளைக 23 பேரு போயிட்டாங்க. நடைப்பயணம் நிறுத்தியிருக்குதுன்னு பாரஸ்ட்டுக்காரங்க சொன்னா, தெரிஞ்ச ஆளு இருக்கறாரான்னு போனப் போடாத. திரும்பி வா.

சாமான் பட்டியல் எங்க? பறக்கற கேமராவா, வேண்டாம், காட்டு மேல பறக்க உடக்கூடாது. பாட்டுப் பொட்டி வேண்டாம். மடக்கு நாற்காலி நாலு எதுக்கு, கல்லுதான் இருக்குதே. முன் சீட்டுல என்ன வைக்கற, ஐஸ் பொட்டியா? மலைக்கு ஐஸ் கொண்டுபோறயா கண்ணு? எறக்கு, எறக்கு. அம்மிணி கொழந்தைகளோட பின்னாடி உக்காந்துக்கும். முன் சீட்டு காலியாவே இருக்கட்டும்.

யாருக்குன்னா கேக்கற? பின் சீட்டுல உக்காந்தா அப்புச்சிக்கு வளைவுல தல சுத்தும்.

காந்தளூர்ல இருக்கற நம்ம சொந்தக்கார ஆத்தாவும் நானும் பேசி நாலு வருசமாச்சு. பூண்டு வித்த காசுல ஒரு கணக்கு, அத உடு. நானாப் போனா எறங்கிப் போன மாதிரி ஆயிரும். பேரன் காரெடுத்துக்கிட்டு வந்தான், வழியில உங்கூரு இருந்துது, அவந்தான் நிறுத்துனான்னு வையி, அதுல என்ன தப்பு?

மஞ்சப்பைய மோட்டார் ரூம்ல ஆணியில மாட்டியிருக்கறேன், நாலு நாளாச்சு. அம்மாயிகிட்ட மூச்சு உட்டுறாத. நேத்து பொழுதோட வேட்டிய மடிச்சு வைக்கலாம்னு போனா, பைக்குள்ள அடியில அவளோட பச்சக்கரைச் சேலை கெடக்குது.