கல் உருட்டியவனும் காகிதம் சுருட்டியவனும்

டெல்லிக்கு வந்த முதல் கோடையில், "மத்தியானம் வெளியே போகாதே, லூ அடிக்கும்" என்று சக குமாஸ்தா எச்சரித்தார். கும்பகோணத்தில் இங்கிலீஷ் படித்த எனக்கு லூ என்றால் கழிப்பறை. கழிப்பறை எப்படி அடிக்கும்? அது மே மாதத்து அனல் காற்று என்று அன்று சாயங்காலமே மூக்கில் ரத்தம் வந்து தெளிந்தேன். ஆனால் கழிப்பறையும் அடிக்கும் என்பது நாற்பது வருஷம் கழித்து, போன டிசம்பரில்தான் தெரிந்தது.

நியூ ஜெர்சியிலிருந்து மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேரன் வருவதாகச் சேதி. "அப்பா, பாத்ரூம்ல பேப்பர் வேணும்" என்றாள் மகள். "நல்ல பழக்கம்மா, நானும் அங்கேதான் ஹிண்டு படிக்கிறேன்" என்றேன். போனில் சற்று நேரம் மௌனம்.

விஷயம் விளங்கியதும் எனக்கு உதறல் எடுத்தது. பஸ் டிக்கெட் காலில் பட்டால்கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வம்சம் எங்களுடையது. காகிதம் என்றால் சரஸ்வதி. அவளை அங்கேயா கொண்டுபோய் மாட்டுவது? இந்தச் சங்கடம் எனக்கு மட்டுமில்லை. ஆறாம் நூற்றாண்டிலேயே யான் ட்சிதூய் என்ற சீனப் பண்டிதர், ஐந்து மறைநூல்களின் வாசகமோ சான்றோர் பெயரோ உள்ள காகிதத்தைக் கழிப்பறைக் காரியத்துக்குத் தொடத் துணியமாட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறார். எழுதாத காகிதத்தைப் பற்றி அவர் ஆட்சேபிக்கவில்லை. அந்தச் சந்தில் புகுந்து மார்க்கெட்டுக்குப் போனேன்.

அங்கே சமையலறைச் சுருள் தள்ளுபடியில் கிடந்தது. வெள்ளைதான், உருளைதான், விலை பாதி. ரிடையர்டு சர்க்கார் ஊழியனுக்கு வேறென்ன வேண்டும்? மூன்றாம் நாள் கம்மோடு அடைத்துக்கொண்டு, மிச்சம் பிடித்த காசைப்போல நாலு மடங்கு பிளம்பருக்குப் போனது. அவர் எனக்குப் பாடம் எடுத்தார். இரண்டு மக் தண்ணீர். ஒன்றில் அந்தக் காகிதம், மற்றதில் அசல் டாய்லெட் பேப்பர். கலக்கினார். அசல், ரவைக் கஞ்சியாகக் கரைந்தது. என்னுடையது துவைத்த கர்ச்சீப் மாதிரி முழுசாக வெளியே வந்தது. ஈரத்திலும் கிழியாமல் இருக்கச் சமையலறைச் சுருளில் பிசின் சேர்க்கிறார்கள், மற்றதில் சேர்ப்பதில்லை. கிழிவதற்கென்றே பிறந்த காகிதத்துக்குத்தான் விலை அதிகம்.

அசலை வாங்கி வந்தேன். அடுத்த கேள்வி: நுனி முன்பக்கம் தொங்க வேண்டுமா, சுவரை ஒட்டியா? இதற்காக அமெரிக்காவில் குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறதாம். தீர்ப்பு 1891-லேயே ஆகிவிட்டது. அந்த வருஷம் ஆல்பனியைச் சேர்ந்த செத் வீலர் வாங்கிய காப்புரிமைப் படத்தில், நுனி முன்பக்கம்தான் தொங்குகிறது. நானும் அப்படியே மாட்டினேன். ஆனால் வீலர் எங்கள் மயூர் விஹார் பாத்ரூமைப் பார்த்ததில்லை. இங்கே பக்கெட், மக், கைக்குழாய் எல்லாம் சேர்ந்து கூரை தவிர மற்ற எல்லாவற்றையும் நனைக்கும். முதல் சுருள் சாயங்காலத்துக்குள் இட்லி மாவு.

"சிந்து சமவெளியிலேயே கழிப்பறைக்கு வாய்க்கால் கட்டினவா நாம. ஜலம் இருக்கச்சே காயிதம் எதுக்காக்கும்?" என்றாள் என் பாலக்காட்டுச் சகதர்மிணி. அவளுக்குப் பதில் தேட, பாலம் பக்கம் மகாவீர் என்க்ளேவில் உள்ள சுலப் கழிப்பறை அருங்காட்சியகத்துக்கே போய் வந்தேன். பிந்தேஷ்வர் பாடக் 1992-ல் ஏற்படுத்தியது. பதினான்காம் லூயியின் சிம்மாசனக் கம்மோடு மாதிரியைப் பார்த்தேன். ராஜா அதில் உட்கார்ந்தபடியே தர்பார் நடத்தினாராம். என் வீட்டில் நான் அதில் உட்கார்ந்திருக்கும்போது தர்பார் வெளியே நடக்கும். கதவைத் தட்டி முடிவை மட்டும் தெரிவிப்பார்கள்.

சுருளை நனையாத உயரத்தில் மாட்டத் துளை போட்டேன். டைல்ஸுக்குப் பின்னால் சுவரே இல்லை போலும். மறுநாள் கம்பியோடு பெயர்ந்து விழுந்தது. சுருள் கதவு தாண்டி, ஹாலில் நீண்டு, பால்கனி வரை போய் நின்றது. பேரன் கைதட்டினான். உட்கார்ந்து திரும்பச் சுற்றினேன். கடையில் இளநீர் அளவு இருந்தது, என் கைவண்ணத்தில் பூசணியானது, கம்பியில் ஏறவில்லை. ஃப்ளஷ் டாங்க் மேல் வைத்தேன். விழுந்தது. சுற்றினேன். அன்றைக்கு மட்டும் நாலு தடவை.

சோபாவிலிருந்து மாப்பிள்ளை, "மாமா, நீங்க சிசிபஸ்" என்றார். ஏதோ தோல் வியாதி என்று முழங்கையைப் பார்த்துக்கொண்டேன். அது கிரேக்க ராஜாவாம், கொரிந்து நாடு. கூட்டிப்போக வந்த யமனையே சங்கிலியில் கட்டிப்போட்டவன். செத்த பிறகும், பெண்டாட்டி ஈமக்கடன் செய்யவில்லை, கேட்டுவிட்டு வருகிறேன் என்று புளுகிப் பாதாளத்திலிருந்து திரும்பினவன். (செய்யாதே என்று சொல்லிவைத்ததும் அவனே.) தண்டனை: பாறையை மலையுச்சிக்கு உருட்ட வேண்டும், உச்சியை நெருங்கினதும் அது கீழே உருண்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. அவன் சந்தோஷமாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆல்பெர் காம்யு 1942-ல் புத்தகம் போட்டிருக்கிறாராம். நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று மாப்பிள்ளை கேட்கவில்லை.

"எங்க ஊர் நாறாணத்து பிராந்தன் இதுக்கு எத்தனையோ தேவலை" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பாலக்காடு ஜில்லா ராயிரநெல்லூர் மலையில் அவனும் கல் உருட்டினான். யாரும் தண்டிக்கவில்லை. தானே ஏற்றி, தானே தள்ளிவிட்டு, உருளுவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பான். சுடுகாட்டில் பத்ரகாளி வரம் தருகிறேன் என்றபோது, ஆயுளில் ஒரு நாள் கூட்டு என்றான். முடியாது. ஒரு நாள் குறை என்றான். அதுவும் முடியாது. சரி, இந்தக் கால் யானைக்காலை அந்தக் காலுக்கு மாற்றிவிட்டுப் போ என்றானாம்.

அன்று இரவெல்லாம் அந்த யானைக்கால் நினைவாகவே இருந்தது. காலையில் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. டாங்கிலிருந்து சுருள் விழுந்தது. ஹாலைக் கடந்து, பால்காரருக்காகத் திறந்த கதவு வழியே மூன்றாம் மாடிப் படிகளில் இறங்கியது. நான் எழுந்திருக்கவில்லை. பேரன் சிரித்தான். நானும் சிரித்தேன். "பிராந்து புடிச்சாச்சு" என்றாள் அவள், காப்பியை வைத்துவிட்டு.

பத்து நிமிஷத்தில் வாசலில் தரைத்தள பஞ்சாபி அம்மாள், மூச்சிரைக்க. "அங்கிள்ஜி, யே ஆப்கா ஹை?" கீழேயிருந்து சுற்றிக்கொண்டே மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். இறுக்கமாக, இளநீர் அளவே, கடையில் வாங்கினதுபோல.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். பேரன் என் முகத்தைப் பார்த்தான்.

"தாத்தா, அகெய்ன்?"

அந்த அம்மாள் இறங்கிப்போகும் வரை காத்திருந்தோம்.