கண்டிப்பேட்டைக்குக் காட்டிய கருணை

கண்டிப்பேட்டைத் தண்ணீர் குடித்தவன் ஹைதராபாத்தை விட்டுப் போகமாட்டான் என்பது அந்த ஊர்ப் பேச்சு. குடித்தவன் ஆஸ்பத்திரியை விட்டே போகாமலிருக்க இப்போது ஏற்பாடு நடக்கிறது.

1908-இல் மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு, பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் யோசனையில் எழுந்த ஏரிகள் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும். முதலாவதுதான் கண்டிப்பேட்டை. இரண்டையும் சுற்றிப் 10 கிலோமீட்டருக்கு மாசுபடுத்தும் ஆலையோ குடியிருப்புக் காலனியோ கூடாது என்றது 1996-இன் அரசாணை 111. 2022 ஏப்ரலில் அரசாணை 69 வந்து கட்டை அவிழ்த்தது. நகரின் குடிநீரில் இந்த ஏரிகளின் பங்கு 1.25 சதவீதம்கூட இல்லையாம். தாத்தா அரை வயிறுதானே சாப்பிடுகிறார், அவர் தட்டில் மண்ணைப் போட்டால் என்ன என்கிற கணக்கு! ஏரி நீரைச் சுத்திகரிக்கும் ஆசிஃப் நகர் நிலையத்திலிருந்து தண்ணீர் வரும் வீட்டுக் குடத்தில் அது எத்தனை சதவீதம் என்று எந்தக் கோப்பும் கேட்கவில்லை.

ஏரியில் சாக்கடை கூடக்கூட, குளோரினையும் கூட்ட வேண்டும். அது கிருமியைக் கொல்வதோடு நிற்காது. நீரிலுள்ள கரிமக் கழிவோடு கூடி டிரைஹாலோமீத்தேன்களைப் பெற்றுப்போடும். மூத்த பிள்ளை குளோரோஃபார்ம். ராட்டர்டாமில் வேதியியலாளர் யோஹானஸ் ரூக் இதை 1974-இலேயே எழுதிவிட்டார். பல ஆண்டுகள் இவை மிகுந்த நீரைக் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கீசரைப் போட்டுக் கதவைச் சாத்திக் குளித்தால் ஆவியோடு மூக்கிலும் ஏறும்.

குளோரினைக் குற்றம் சொல்லாதீர்கள். 2009-இல் ஹைதராபாத்தின் போலக்பூரில் குடிநீரில் சாக்கடை கலந்து மனிதர்கள் வாந்தியும் பேதியுமாகச் செத்தார்கள். குளோரினே வேண்டாம் என்கிற இயற்கைவாதி அந்தத் தெருவில் போய்ப் பேசட்டும். குற்றம், அழுக்கை முதலில் உள்ளே விட்டவர்களுடையது.

குழாயடியில் ஊழியர் சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விடுவார். மஞ்சளித்தால் தலையாட்டிவிட்டு அடுத்த தெரு. குளோரின் மிச்சமிருக்கிறது என்பதுதான் அந்த மஞ்சள். செலவான குளோரின் என்னவாக மாறியது என்று அது சொல்லாது. குளோரோஃபார்ம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இலேயே எழுதிவைத்தது. அதை அளக்கச் சொட்டு மருந்து போதாது, ஆய்வுக்கூடம் வேண்டும்.

நீரின் தரம் எவ்விதத்திலும் கெடக்கூடாது என்று அரசாணை 69-இலும் ஒரு நிபந்தனை உண்டு. கவனிக்க ஒரு குழுவும் உண்டு. ஏரிக்கரை வில்லாக்களின் கழிவறைகள் அரசாணையைப் படித்துவிட்டுத்தான் ஓடும் போலிருக்கிறது. வில்லாக்காரர் கேன் தண்ணீர் குடிப்பார். அவர் ஃப்ளஷ் செய்ததைக் குளோரின் போட்டுக் குடிப்பவருக்கு, மாதா மாதம் குடிநீர் வாரியத்தின் பில் வரும்.