வருசம் எத்தனை தாங்கும்?

எரியோட்டில் மகனுக்கு லேப்டாப் வாங்கப் போகும் தகப்பனார் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை வருசம் தாங்கும்?" லேப்டாப் தாங்கும். புது கேம்கள்தான் அதைத் தாங்கவிடாது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் கேமுக்காக வந்தவை அல்ல. ஆனாலும் 2002-ம் ஆண்டு வந்த 'வைஸ் சிட்டி' கேம் அவற்றில் ஓடியது. பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்தில் அரியர் வைத்தவர் யாருமில்லை.

காசு போட்டு வாங்கியவர் கதை வேறு. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு அன்று லேப்டாப்புகளில் பெரிய மனிதர். 2023-ல் 'ஆலன் வேக் 2' அவரைத் திணறடித்தது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' கேமோ, ரே டிரேசிங் வன்பொருள் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதற்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி வீடியோ மெமரி வேண்டுமாம். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப்புகள் பலவற்றில் இருப்பது 4.

மேசைக் கணினியில் கார்டைக் கழற்றி மாற்றலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் மதர்போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். திண்டுக்கல் பூட்டுக்காவது சாவி உண்டு.

ஆகவே கடையில் வீடியோ மெமரி எவ்வளவு என்று கேளுங்கள். கீபோர்டில் மினுக்கும் கலர் விளக்கைக் காட்டினால், மறுபடியும் கேளுங்கள்.