கடமையைச் செய், படத்தைப் பார்

அரசமைப்புச் சட்டத்தில் 51ஏ என்று ஒரு பிரிவு. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள். அரசமைப்பின் லட்சியங்களை மதிக்க வேண்டும். விடுதலைப் போராட்டத்துக்கு ஊக்கம் தந்த உயர்ந்த கொள்கைகளைப் பின்பற்ற வேண்டும். அறிவியல் மனப்பான்மையும் கேள்வி கேட்கும் குணமும் வளர்க்க வேண்டும். பொதுச் சொத்தைக் காக்க வேண்டும். படித்தால் மெய் சிலிர்க்கும். எப்போது எழுதினார்கள் என்று பார்த்தால் சிலிர்ப்பு அடங்கிவிடும்.

1976. நெருக்கடி நிலை. எதிர்க்கட்சிக்காரர்கள் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. பிரதமர் இந்திராவின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத்தில் ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதிவிட்ட குற்றத்துக்காக, பிரதமரின் தேர்தல் வழக்கு கோர்ட்டுப் பக்கமே போகாதபடி 1975 ஆகஸ்டில் 39வது திருத்தம். அதுவும் போதாமல் 42வது திருத்தம். அந்த 42-க்குள்தான் நம்முடைய பத்துக் கடமைகளும் உட்கார்ந்திருந்தன. பர்ஸை அடித்தவன், திரும்பி நின்று சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்த கதை.

கடமை தவறினால் தண்டனையும் வேண்டும் என்றது ஸ்வரண் சிங் குழு. நல்லவேளை, அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏற்றிருந்தால் முதலில் உள்ளே போயிருக்க வேண்டியவர், இந்தியாவும் இந்திராவும் ஒன்றுதான் என்று முழங்கிய காங்கிரஸ் தலைவர் தேவ காந்த பரூவா. கட்சி மறுபடி உடைந்தபோது இந்த மனிதர் இந்திராவின் பக்கம் இல்லை. ‘இந்தியா’ இருந்த இடத்தில் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வட இந்தியா 1977 மார்ச்சில் கணக்குத் தீர்த்தது. ரேபரேலியிலேயே இந்திரா தோற்றார். நாம்? ஓராண்டுக்கு முன் நம் மாநில அரசைக் கலைத்தவரின் கூட்டணிக்கு, 39 தொகுதியில் 34-ஐத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தோம். தமிழன் மானம் பெரிது என்று மேடையில் யாராவது பேசினால் இந்தக் கணக்கை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

தன்மோகம் ஒரு கட்சிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. நேருவுக்கு அந்த நோய் தன் உடம்பில் இருப்பது தெரிந்திருந்தது. 1937 நவம்பரில் கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் ‘சாணக்கியன்’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஜவாஹர்லாலிடம் ஒரு சர்வாதிகாரிக்கு வேண்டிய சரக்கெல்லாம் இருக்கிறது, கூட்டத்தின் கைதட்டல் அவரைக் கெடுத்துவிடும், ஜாக்கிரதை என்றது. எழுதியவர் ஜவாஹர்லால். இன்றைய தலைவர் எவராவது தன்னைப் பற்றித் தானே பெயர் மறைத்து எழுதினால் அதில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே நேரு 1955-ல், பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாரத ரத்னா வாங்கிக்கொண்டார். மகள் 1971-ல். 1961-ல் சென்னைக்கு வந்து, உயிரோடு இருந்த, முதலமைச்சராகவே இருந்த காமராஜருக்குச் சிலை திறந்து வைத்தவரும் நேருதான். எளிமைக்கு உதாரணம் சொல்ல நமக்கு இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைக் கேட்பானேன்.

மற்றவர்கள் கூச்சத்தையெல்லாம் தாண்டிவிட்டார்கள். 2015-ல் ஒபாமா வந்தபோது பிரதமர் போட்டிருந்த கோட்டின் கோடுகள் கோடுகளே அல்ல, அவர் பெயர். பொடி எழுத்தில், தலையிலிருந்து கால் வரை. ஏலத்தில் 4.31 கோடிக்குப் போனது. 2021-ல் அகமதாபாத் கிரிக்கெட் மைதானத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியப் பிரதமரோடு அவர் அங்கே டெஸ்ட் மேட்ச் பார்க்கப் போனார். நரேந்திர மோடி மைதானத்தில் நரேந்திர மோடிக்கு நரேந்திர மோடியின் படம் பரிசளிக்கப்பட்டது. இந்த வாக்கியத்தில் நான் ஒரு சொல்லையும் மிகைப்படுத்தவில்லை. அங்கதம் எழுதுகிறவனின் பிழைப்பில் மண் விழுந்தது அன்றைக்குத்தான்.

2022 செப்டம்பரில் தெலங்கானாவில் ஒரு ரேஷன் கடை. ஒன்றிய நிதியமைச்சர் நேரில் வந்தார். அரிசியில் கல் இருக்கிறதா, எடை சரியா என்று பார்ப்பார் என நினைத்தால் நீங்கள் அப்பாவி. பிரதமர் படம் ஏன் மாட்டவில்லை என்று கலெக்டரைப் பிடித்துக் காய்ச்சினார். அரிசிக்கு மத்திய அரசு எத்தனை ரூபாய் தருகிறது தெரியுமா என்று கேள்வி வேறு. மத்திய அரசு ஏது, அதன் பணம் ஏது? வரிசையில் பையோடு நின்ற கிழவி தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டிய வரியும் அதில்தான் இருக்கிறது. யாரும் அவள் படத்தை மாட்டச் சொல்லவில்லை. மாநில ஆளுங்கட்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. படம்தானே வேண்டும் என்று கேஸ் சிலிண்டர்களில் பிரதமரின் சிரித்த முகத்தை ஒட்டினார்கள். பக்கத்திலேயே விலை: 1,105 ரூபாய். சொந்த ஊரில் தங்கள் தலைவருக்குக் கட்-அவுட் வைத்த கைகள்தான் அவையும். ஆனாலும் அந்த ஒரு நாள் சரியான இடத்தில் ஒட்டின.

நம்மூருக்கு வருவோம். அம்மா உணவகம், அம்மா குடிநீர், அம்மா உப்பு, அம்மா சிமென்ட். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்தபோது, ஊர் ஊராக ஜனங்கள் அனுப்பிய நிவாரணப் பொட்டலங்களிலும் முதலமைச்சர் படத்தை ஒட்டினார்கள். பசியில் நீட்டிய கைக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே ஒரு ஸ்டிக்கர். அந்த ‘அம்மா’வின் கட்சி எம்.பி. ஒருவர் 2025-ல் திடீரென்று ஞானம் பெற்றார். ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று அரசுத் திட்டத்துக்கு உயிரோடு இருக்கும் தலைவரின் பெயர் வைக்கலாமா என்று கொதித்துப்போய் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்து, ஒரே ஒரு தலைவரை மட்டும் குறி வைப்பானேன் என்று கேட்டு, எம்.பி.க்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. எல்லோரும் செய்கிறார்கள், எனவே தப்பில்லை. டிராபிக் போலீஸ்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதே உச்ச நீதிமன்றம்தான் 2015 மே மாதம், அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், இந்தியத் தலைமை நீதிபதி தவிர வேறு யார் படமும் வரக் கூடாது என்றது. மத்திய அரசும் பல மாநிலங்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு மறு ஆய்வுக்கு ஓடின. காவிரிக்கு ஒன்று சேராதவர்கள் கண்ணாடிக்கு ஒன்று சேர்ந்தார்கள். பத்தே மாதம். முதலமைச்சர், ஆளுநர், அமைச்சர் என எல்லா முகங்களும் திரும்பி வந்துவிட்டன.

2021-ல் ஒரு நல்ல காரியமும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய முதல்வர்களின் படம் அச்சிட்ட பள்ளிப் பைகளைத் தூக்கிப் போடாமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் புதிய முதல்வர். 13 கோடி ரூபாய் மிச்சம் என்றார்கள். மக்கள் காசில் தைத்த பையை மக்களின் பிள்ளைக்குக் கொடுத்தது இந்த நாட்டில் பெருந்தன்மை. பாராட்டினோம். நானும் பாராட்டினேன்.

இனி நம் பங்கு. தலைவன் தன் முகத்தைத் தானே நடுரோட்டில் நட்டுக்கொள்வதில்லை. ஒரு பிளெக்ஸ் பேனரைக் கிட்டே போய்ப் பாருங்கள். நடுவில் தலைவர், பனை உயரம். அவர் தோளுக்கு மேலே மறைந்த தலைவர்கள் மேகத்தில் மிதப்பார்கள். கீழே மாவட்டம், பிறகு ஒன்றியம், பிறகு வட்டம். பதவி இறங்க இறங்க முகமும் சிறுக்கும். கடைசி வரிசையில் ஸ்டாம்பு அளவில் பத்துப் பதினைந்து தலைகள். ஒருவர் கூலிங் கிளாஸ், ஒருவர் காதில் செல்போன், ஒருவருக்கு மீசை இன்னும் முளைக்கவில்லை. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.’ கேள்வி கேட்கவும் வயதில்லை. கடப்பாரையால் போன மாதம் போட்ட தார் ரோட்டைக் குத்திச் சவுக்குக் கம்பு நடுகிறவன் தலைவர் வீட்டுப் பிள்ளை அல்ல, நம் தெருப் பையன். பொதுச் சொத்தைக் காக்கும் கடமை அங்கேயே குழியில் போகிறது.

குழியோடு முடிந்தால் பரவாயில்லை. 2017 நவம்பரில் கோவையில் அரசு விழாவுக்கு வைத்த வளைவில் பைக் மோதி ஓர் இளைஞர் இறந்தார். 2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணை. ஆளுங்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர், ஸ்கூட்டரில் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் மீது சரிந்தது. கீழே விழுந்தவர் மீது தண்ணீர் லாரி ஏறியது. இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கேட்டது. கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் பதில் வைத்திருந்தார்: பேனர் வைத்தவர் என்ன செய்வார், வழக்குப் போடுவதானால் காற்றின் மீதுதான் போட வேண்டும். அந்தப் பெண் இறந்து மூன்று வாரம் ஆகவில்லை. மாமல்லபுரத்துக்கு மோடியும் ஷி ஜின்பிங்கும் வருகிறார்கள், பேனர் வைக்க அனுமதி வேண்டும் என்று அதே அரசு அதே நீதிமன்றத்தின் வாசலில் நின்றது. அனுமதியும் கிடைத்தது. காற்றிடம் யாரும் உறுதிமொழி வாங்கவில்லை. 2021-ல் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் விழுப்புரத்தில் புதிய ஆளுங்கட்சியின் கொடிக்கம்பம் நட்ட பள்ளிச் சிறுவன் மின்சாரம் பாய்ந்து செத்தான். மாறியது கொடியின் நிறம்.

கேள்வி கேட்கும் குணத்தை வளர்க்க வேண்டும் என்று 51ஏ சொல்கிறதல்லவா, அதை ஒருவர் செய்தே பார்த்தார். கேரளத்தில் தனியார் மருத்துவமனையில் சொந்தக் காசு கொடுத்துக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர். என் சான்றிதழில் பிரதமர் படம் எதற்கு என்று உயர் நீதிமன்றத்தில் கேட்டார். நம் பிரதமரை நினைத்து வெட்கப்படுகிறீர்களா என்று அவரைத் திருப்பிக் கேட்டார்கள். 2021 டிசம்பரில் மனு தள்ளுபடி, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். அப்பீலுக்குப் போனார். அங்கேயும் தள்ளுபடி, ஆனால் அபராதம் 25,000 ஆகக் குறைந்தது. கடமையைச் செய்யாத கோடிக்கணக்கான பேருக்கு இதுவரை ஒரு பைசா அபராதம் இல்லை. செய்தவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி.