லோகோவுக்கு இடம் விடுங்கள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. புதிதாகச் சேரும் அப்ரன்டிஸ்களுக்கும் கல்லூரிகளிலிருந்து வரும் இன்டர்ன்களுக்கும் அங்கே ‘நிறுவன அடையாளம்’ என்று ஒருநாள் பயிற்சி கொடுக்கிறார்கள். கூட உட்கார்ந்து பார்த்து, எப்படி இருக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை யார், எங்கே, எந்த எழுத்துருவில், எந்த அளவில் பயன்படுத்தலாம் என்பதற்கே பயிற்சியில் தனி அத்தியாயம் இருக்கிறது. எனக்கு அந்த அதிகாரம் வழங்கப்படவில்லை.

முதலில் பயிற்சியாளரின் நெஞ்சுரத்தைப் பாராட்டிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து வருகிறார். ஒன்பது மணி வகுப்பு. எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலைக் கடந்து, அத்திப்பள்ளியைக் கடந்து, ஜூஜூவாடி வழியாக ஊருக்குள் வந்து சேரும்போது பத்தரை ஆகிவிட்டது. ஊத்தங்கரை, பர்கூர் பக்கமிருந்து இருட்டோடு கம்பெனி பஸ் ஏறி வந்த பிள்ளைகள் எட்டரைக்கே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் போட்ட முதல் ஸ்லைடு: ‘நேரம் தவறாமை, நமது பிராண்டின் முதல் தூண்.’ கண்ணை ஒருமுறைகூடத் தாழ்த்தாமல் அதைக் கால்மணி நேரம் விளக்கினார். இதெல்லாம் பழக்கத்தால் வருவதில்லை, பிறவியிலேயே வர வேண்டும்.

பயிற்று மொழியைத் தேர்ந்ததில் இன்னும் நுட்பம். இந்தப் பகுதிப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சந்தையில் கன்னடம் பேசுவார்கள், பள்ளியில் தமிழ் படித்திருப்பார்கள், லைனில் பக்கத்தில் நிற்கும் ஒடிசாக்காரரோடும் ஜார்க்கண்ட்காரரோடும் பழகி இந்தியும் பிடித்திருப்பார்கள். நான்கு மொழியில் எதில் சொன்னாலும் புரிந்துவிடும் அபாயம் இருந்தது. பயிற்சியை முழுக்க ஆங்கிலத்தில் அமைத்து அதைத் தவிர்த்திருக்கிறார்கள். புரிந்தால் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

பயிற்சியின் சிகரம் லோகோ பற்றிய பகுதி. லோகோவின் நான்கு பக்கமும், அதன் முதல் எழுத்து எவ்வளவு உயரமோ அவ்வளவு வெற்றிடம் விட வேண்டுமாம். அந்த எல்லைக்குள் வேறு எழுத்தோ கோடோ படமோ நுழையக் கூடாது. நெருக்கினால் கம்பீரம் போய்விடும், அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்றார். பின்வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது: “மச்சி, நம்ம ரூம்ல ஒருத்தனுக்கு எவ்ளோ இடம்டா வரும்?” இடைவேளையில் விசாரித்தேன். தேன்கனிக்கோட்டை சாலைப் பக்கம் மாடியில் ஓர் அறை. ஏ ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயில், நைட் முடித்து வந்தவன் படுக்கிறான். பாய் சூடு ஆறுவதே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இடத்தின் அருமை தெரிந்தவர்களாகப் பார்த்து இந்தப் பாடத்தை நடத்துவதுதான் பொருத்தம்; தனி பங்களாவில் இருப்பவருக்கு இது எப்படி விளங்கும்?

அடுத்து, லோகோவுக்குச் செய்யக் கூடாதவை. இழுக்கக் கூடாது. நசுக்கக் கூடாது. சாய்க்கக் கூடாது. நிழலில் வைக்கலாகாது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. சொன்ன அளவுக்குக் கீழே சுருக்குவது பெருங்குற்றம். மீறினால் யாரிடம் புகார் செய்வது என்பதற்கு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். அந்த வளாகத்தில் இத்தனை உரிமைகளோடு வாழும் வேறொரு ஜீவனை நான் பார்க்கவில்லை.

பிறகு நிறம். லோகோவின் சிவப்பு சாதாரணச் சிவப்பு அல்ல, பேன்டோன் என்ற நிற அட்டவணையில் அதற்கு எண் உண்டு. இந்த நிறத்தைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் யோசிக்காமல் சொன்னாள்: “ரிஜெக்‌ஷன், சார்.” ஹாலே சிரித்தது. ஷாப் ஃப்ளோரில் கழித்த பீஸைப் போடும் பின் சிவப்பு. வந்த முதல் நாளே இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் சொல்லித்தரும் பாடம் அது. பயிற்சியாளர் பொறுமையாகத் திருத்தினார்: சிவப்பு என்றால் பேரார்வம்.

நமது பிராண்ட் வாக்குறுதி என்ன என்பது அடுத்த கேள்வி. மெஷினிங் லைனில் இருக்கும் பையன் ஒருவன் எழுந்தான். “பர் இருக்கற பீஸு அடுத்த ஸ்டேஷனுக்குப் போகாம பாத்துக்கறது சார். கேஜ் போடாம விட்டா கஸ்டமர்கிட்ட போய் மாட்டிக்கும்.” சொல்லும்போதே கட்டைவிரல் தானாகப் பிசிறு தேடி ஒரு விளிம்பைத் தடவிப் பார்த்தது. “குட் அட்டெம்ப்ட். ஆனா அது குவாலிட்டி டிபார்ட்மென்ட். நாம இப்ப பிராண்ட் பத்திப் பேசறோம்” என்று உட்காரவைத்தார். சரியான விடை திரையில் வந்தது: ‘எல்லைகளைக் கடந்த மகிழ்ச்சி.’ மாநில எல்லையில் இருக்கும் ஆலைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது. வேலை எல்லைக்கு இந்தப் பக்கம் நடக்கிறது. மகிழ்ச்சி கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. நிறுவனம் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டிய வரைபடத்தில்கூட பெங்களூருக்கு வைத்த புள்ளி நல்ல பெரிய புள்ளி, ஓசூரையும் சேர்த்தே மறைத்திருந்தது.

பொருள் வேறு, பெயர் வேறு என்கிற இந்தத் தெளிவு இந்த ஊர்க்காரர்களுக்கு முன்பு கிடையாது. 1984இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக இங்கே கைக்கடிகாரக் கம்பெனி தொடங்கினார்கள். டாட்டா இண்டஸ்ட்ரீஸிலிருந்து கொஞ்சம், தமிழ்நாட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டி டைட்டன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டு பெயரை வைத்தே பிழைத்திருக்கலாம். அதை நடத்திய ஜெர்க்சஸ் தேசாய்க்கும் அவருடைய சகாக்களுக்கும் அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். கம்பெனி தொடங்கியபோது இதெல்லாம் பின்தங்கிய தருமபுரி மாவட்டம். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமான திருகுகளைத் திருகப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். 2002இல் 1.15 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இயந்திரத்தை வைத்து எட்ஜ் என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். விளம்பரத்துக்கு மொசார்ட்டின் 25ஆம் சிம்ஃபொனியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டது உண்டு, அது கடிகாரம் வாங்குகிறவர் காதுக்கு டி.வி.யில் போனது, செய்கிறவர் காதுக்கு அல்ல. கைக்கு வேலை பழகி, கடிகாரம் ஓடி, ஊர் நம்பி, அதற்கப்புறம் பெயர் வருவது என்றால் எவ்வளவு சுற்றுவழி! புதிய பயிற்சி நேராகக் கடைசிப் படியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

அதே 2002இல் இன்னொரு ஓசூர்க் கம்பெனியான டிவிஎஸ் மோட்டாருக்கு ஜப்பானின் தர விருதான டெமிங் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல்காரர் நிர்வாகங்களுக்கு 14 யோசனைகள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பத்தாவது யோசனை, தொழிலாளரைப் பார்த்து எழுதிவைக்கும் கோஷங்களை எடுத்துவிடுங்கள் என்பது. கோளாறு பெரும்பாலும் அமைப்பில் இருக்கிறது, அமைப்பு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, ஆளை உசுப்பேற்றி என்ன பயன் என்று அவர் நினைத்தார். 1993இல் காலமாகிவிட்டார். கோஷங்கள் ஒட்டிய இந்த ஹாலின் நான்கு சுவரையும் பார்த்துத் திருந்திக்கொள்ள அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் பதவி உயர்வு. ‘இன்றிலிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் பிராண்ட் அம்பாசிடர்.’ சினிமா நட்சத்திரத்துக்கும் கிரிக்கெட் வீரருக்கும் கொடுக்கிற அதே பதவி. ஊதியத்தில் மட்டும் சிறு வித்தியாசம். 2019இல் திருத்திய விதிப்படி பட்டதாரி அப்ரன்டிஸுக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000. 2024இல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் இன்னும் நேர்த்தி: தொடங்கியபோது மாத உதவித்தொகை 5,000 ரூபாயில் நிறுவனத்தின் பங்கு 500, மீதி 4,500ஐ அரசு கொடுத்துவிட்டது. நாட்டின் தூதருக்கு அரசு சம்பளம் கொடுப்பது பழைய வழக்கம். கம்பெனியின் தூதருக்கும் அரசே கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

‘நாம் ஊழியர்கள் அல்ல, குடும்பம்’ என்றது அடுத்த ஸ்லைடு. இதில் பாதி சட்டப்படியே உண்மை. 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம் இவர்களைப் பயிற்சி பெறுபவர் என்கிறது, தொழிலாளி அல்ல என்கிறது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் போட்டார்கள். அப்ரன்டிஸாகக் கழித்த நாளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தொழிலாளி என்றால்தானே நாள் கணக்கு, வாரக் கணக்கு எல்லாம்? குடும்பத்துக்குள் என்ன கணக்கு வேண்டிக்கிடக்கிறது! வருஷம் முடிந்ததும் இந்தக் குடும்பம் பிள்ளைகளை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, அடுத்த பேட்ச் பிள்ளைகளைப் பெற்றுக்கொள்கிறது. பாசத்துக்கு அடையாளமாகக் கொடுத்த லோகோ டி-ஷர்ட்டைப் போகும்போது துவைத்துத் திருப்பித் தர வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடா நிரந்தர ஊழியருக்கு நீலம், கான்ட்ராக்ட்காரர்களுக்குப் பச்சை, இவர்களுக்கு மஞ்சள். கேன்டீன் வரிசையில் யார் அண்ணன், யார் தம்பி, யார் ஒன்றுவிட்ட உறவு என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

லிங்க்ட்இன்னில் போட வேண்டிய பதிவையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ‘பெருமையும் பணிவும் பொங்க அறிவித்துக்கொள்கிறேன்’ என்று தொடங்கும் அதை ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். சொந்தக் குரலில் பேசுவதே பிராண்டுக்கு உயிர் என்ற ஸ்லைடு அப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வந்த வேலை மதிப்பீடு. அதற்கும் ஏற்பாடு கச்சிதம். 1959இல் டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒரு பயிற்சியை நான்கு படியில் அளக்க வேண்டும் என்று எழுதினார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றார்களா, வேலையில் அது தெரிகிறதா, கடைசியில் நிறுவனத்துக்குப் பலன் உண்டா. உலகம் முழுக்கப் பயிற்சித் துறையினர் மந்திரம்போல ஒப்பிப்பது இது. முதல் படி சுலபம், மேலே போகப்போக முட்டி வலிக்கும். இங்கே முதல் படியிலேயே பாய் விரித்துவிட்டார்கள். சுவரில் ஒட்டிய கியூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தால் ஐந்து நட்சத்திரம் வருகிறது. படிவத்தை அனுப்பினால்தான் அன்றைய வருகைப் பதிவு ஏறும். படிவத்தில் முதல் கட்டம் அவரவர் டோக்கன் நம்பர். ஹெச்.ஆர். பெண்மணி வரிசைக்கு இடையில் நடந்து “தம்பி, முடிச்சாச்சா? காட்டுங்க” என்று அன்பாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இவ்வளவு சுதந்திரமான சூழலில் ஒருவர்கூட நான்கு நட்சத்திரம் போடவில்லை. முடிவு உடனே திரையில் வந்தது: ஐந்துக்கு ஐந்து. பயிற்சியாளர் நெகிழ்ந்துபோனார்.

மேல் படிகளை யாரும் அளக்கவில்லையே என்று நிர்வாகி ஒருவரிடம் கேட்டேன். “வேலையில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும் சார். அதுக்குள்ள பாதிப் பேர் வேற கம்பெனிக்குப் போயிடறாங்க” என்றார். போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டீர்களா என்றேன். அதற்கு ஒரு பயிற்சி தயாராகிக்கொண்டிருக்கிறதாம், தலைப்பு மட்டும் முடிவாகியிருக்கிறதாம். பிரச்சினை வருமுன் தலைப்பை முடிவுசெய்து வைக்கும் நிர்வாகங்கள் அரிது. என் மதிப்பீட்டிலும் ஐந்து நட்சத்திரமே போட்டேன்; போடாவிட்டால் கேட்டில் அவுட் பாஸ் கிடைக்குமா என்ற சந்தேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாலேகாலுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கனமான காகிதம். லோகோ மேல் மூலையில், சொன்ன அளவில், சொன்ன சிவப்பில், நான்கு பக்கமும் வெற்றிடத்தோடு. துணைத் தலைவரின் கையெழுத்து அச்சிலேயே இருந்தது. பெயர் வர வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு. ஐந்து மணிக்கு முன்னால் அத்திப்பள்ளியைத் தாண்டியாக வேண்டும் என்பதால் பயிற்சியாளர் பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “பேரை அவங்கவங்களே எழுதிக்குங்க. லோகோ பக்கத்துல மட்டும் வந்துடக் கூடாது.” ரிஜெக்‌ஷன் என்று சொன்ன பெண் எழுந்து, எந்த மையில் எழுதணும் சார் என்று கேட்டாள். அவர் நின்று, கைப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதைப் பற்றி விதி எதுவும் இல்லை. “உங்க இஷ்டம்மா” என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.