வண்டிக்கு இன்னும் பத்து மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "இன்ஜின்தானே போச்சு மாப்ளே, இறக்கி போர் போட்டு ஓட்டுங்க" என்றீர்கள். அம்பாசடரைப் பல தடவை இறக்கி ஏற்றிய அனுபவம் பேசுகிறது. ஆனால் சிங்கப்பூரில், காருக்கு நாம் அழும் காசில் இன்ஜினுக்கு ஆவது கொசுறு. அதைப் போனில் சொன்னால் நடுவிலேயே தூங்கிவிடுவீர்கள் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

தீவு விரைவுச்சாலையில் போகும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. முள் சிவப்புக்கு ஏறி, நான் ஓரங்கட்டுவதற்குள் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், அரசாங்க இழுவை வண்டி தானாகவே வந்து நின்றது. சாலை நெடுகக் கேமரா. விரைவுச்சாலையை விட்டு வெளியே, பக்கத்துக் கார் நிறுத்தம் வரை இலவசமாக இழுத்துவிடுவார்கள். அதற்குமேல் அவரவர் பாடு.

சின் மிங்கில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலாளி ஒரு சீனப் பெரியவர், எல்லோருக்கும் அங்கிள். ஆயில் மூடியைத் திருகிக் காட்டினார். உள்பக்கம் பழுப்பாக நுரை அப்பியிருந்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்து, ஹெட் வளைந்து, பிஸ்டனும் இறுகிவிட்டதாம். எவ்வளவு ஆகும் என்றேன். அவர் பதில் சொல்லாமல், "சிஓஇ எத்தனை மாதம் பாக்கி?" என்று கேட்டார். டாக்டர் நாடி பிடிக்கும் முன் ஜாதகத்தைக் கேட்ட மாதிரி இருந்தது.

ஆனால் கேள்வி சரியான கேள்விதான். இங்கே காரை வாங்கினால் போதாது. அதை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தனியாக ஏலம் எடுக்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் என்று பெயர், அதுதான் சிஓஇ. 1990இல் கொண்டுவந்தார்கள், பத்து வருஷம் செல்லும். 2008 நவம்பரில் சின்னக் கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்கு, அதாவது 2 சிங்கப்பூர் டாலருக்கு, போயிருக்கிறது. அப்போது நான் புதுக்கோட்டையில் பஸ் பாஸ் வைத்துக்கொண்டு திரிந்தேன். 2023 அக்டோபரில் அதே சான்றிதழ் 1,06,000 வெள்ளி! காருக்கு இல்லை மாமா, சான்றிதழுக்கு மட்டும்.

அன்று ராத்திரி உங்கள் மகள் நோட்டை எடுத்தாள். கூட்டுறவு வங்கிக்காரர் பெண் அல்லவா, கோடு போட்டுத்தான் எழுதினாள். பதியும்போது கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000 கட்டியிருக்கிறோம். ஒன்பது வருஷம் முடிந்து பத்து நிறைவதற்குள் காரைக் கழித்தால் அதில் பாதி, 10,000, திரும்பும். சான்றிதழுக்குக் கொடுத்தது 48,000. அது மாதம் 400 வீதம் கரைகிறது. இன்னும் பத்து மாதம் இருப்பதால் 4,000 வரும். ஆக 14,000. இதில் வேடிக்கை என்னவென்றால், இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அரசாங்கம் தருவது இதே தொகைதான். வண்டி செத்துப்போனது அந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது.

ரிப்பேர் செய்தால்? ஜப்பானிலிருந்து வந்த பழைய இன்ஜின், கூலியோடு 4,500 என்றார் அங்கிள். கரையப்போகும் 4,000ஐயும் சேர்த்தால், பத்து மாதம் ஓட்ட 8,500. பெட்ரோல், இன்சூரன்ஸ், பார்க்கிங் தனி. "மாசம் 850 வெள்ளிக்கு டாக்ஸியிலயே போகலாம், ஏசியாவது வேலை செய்யும்" என்றாள்.

போட்ட இன்ஜினை வீணாக்காமல் சான்றிதழை நீட்டித்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்ட வேண்டும். அப்போது அது லட்சத்தை ஒட்டி நின்றது. வரவேண்டிய அந்த 10,000 போயே போய்விடும். பதினோராம் வருஷத்திலிருந்து சாலை வரியும் 10 சதவீதம் கூடி, வருஷாவருஷம் ஏறி 50 சதவீதத்தில்தான் நிற்கும். நோட்டு அங்கேயே மூடப்பட்டது.

இதற்கு நடுவில் ஆபீஸ் நண்பர் ஒருவர், மலேசியாவின் ஜோகூருக்கு இழுத்துப்போனால் பாதி விலையில் முடித்துவிடலாம் என்றார். சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட வேண்டுமானால் டாங்க் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் போய் மலிவுப் பெட்ரோல் போட்டுக்கொள்ளாமல் இருக்க இந்தச் சட்டம். இன்ஜினே ஓடாத, கட்டி இழுத்துப்போகிற வண்டிக்கும் இது உண்டா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசைப்பட்டார், என் வண்டியை வைத்து.

சனிக்கிழமை காரைக் கழிக்க அங்கிளிடம் கொடுத்துவிட்டோம். டாஷ்போர்டுப் பிள்ளையாரைப் பெயர்த்தபோது பசை வட்டமாக அங்கேயே ஒட்டிக்கொண்டது. பின்சீட்டுக்கு அடியிலிருந்து முறுக்குத் தூளும், சின்னவன் தொலைத்துவிட்டதாக அழுது புது ஜோடி வாங்கவைத்த அந்தப் பழைய ஷூ ஒன்றும் கிடைத்தன. உங்கள் மகள் கொஞ்சம் கண் கலங்கினாள். பிறகு 14,000 எப்போது கணக்கில் ஏறும் என்று அங்கிளிடம் கேட்டாள்.

ஏப்ரலில் நீங்கள் வரும்போது சாங்கி விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ரயில்தான். தானா மேராவில் இறங்கி மாற வேண்டும், லிஃப்ட் இருக்கிறது, அத்தை பயப்பட வேண்டாம். சக்கரம் வைத்த பெட்டியாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். ஊறுகாய் ஜாடியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை